எந்த அப்பன்?

உயிரோடு இருக்கிற சொந்தக்காரர்கள் யாரும் என்னை மதிப்பதில்லை. அதனால் ஓய்வு பெற்ற கையோடு செத்துப்போன சொந்தக்காரர்களைத் தேடப் புறப்பட்டேன். அவர்கள் கைமாற்று கேட்கமாட்டார்கள். "இத்தனை வருஷம் வேலை பார்த்து என்னத்தைச் சேர்த்தே?" என்று கேட்கமாட்டார்கள். ஒரே குறை, பேரைக் கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

எங்கள் குடும்பம் திருச்சிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். திதி, தர்ப்பணம் என்று இருந்தால் மூன்று தலைமுறைப் பேராவது வாயில் நிற்கும். எங்களுக்கோ நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி ஏற்றுவதோடு சரி. அதுவும் எந்தக் கல்லறை என்று தெரிந்தவரைக்கும்தான். தாத்தாவுக்கு மேல் போனால் புல் முளைத்த மேடுகளுக்குப் பொதுவாக ஒரு கும்பிடு.

ஆனால் மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி எங்களுக்கு உண்டு: பங்குக் கோவில் ஏடு. 1563-இல் திரெந்து நகரத்துத் திருச்சங்கம், ஞானஸ்நானத்துக்கும் கலியாணத்துக்கும் பங்குசாமியார்கள் ஏடு வைக்கவேண்டும் என்று கட்டளை போட்டது. 1614-இல் ரோமாபுரியின் சடங்குப் புத்தகம் சாவையும் உறுதிபூசுதலையும் சேர்த்துக்கொண்டது. பிறந்தவன், கட்டியவன், செத்தவன் எல்லாரும் எழுத்தில் வந்தாகவேண்டும். எழுத்து கண்ணுக்குத் தெரியவேண்டும் என்கிற அளவுக்கு எங்கள் பங்கில் யாரும் கண்டிப்புக் காட்டவில்லை.

ஏட்டை உபதேசியார்தான் எடுத்து வந்தார். பங்குசாமியாரின் அறைவீட்டு வராந்தாவில் மேசை போட்டு, அதன்மேல் ஒரு பழைய துண்டை விரித்து, ஏட்டைக் கிடத்தினார். "தாளை ஓரத்துல பிடிச்சுப் புரட்டுங்க சார், எச்சில் மட்டும் தொடாதீங்க" என்றார். அதுவரை எச்சில் தொடும் எண்ணமே எனக்கில்லை. அவர் சொன்னதிலிருந்து விரல் தானாக வாய்க்குப் போய்க்கொண்டே இருந்தது.

எங்கள் ஏட்டை எழுதியவர்கள் 1838-இல் மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்த இயேசு சபையார்; பிரெஞ்சுக்காரர்கள். காதால் கேட்டது தமிழ், கையால் எழுதியது லத்தீன், நடுவில் பழக்கதோஷமாகப் பிரெஞ்சு. உகரம் வந்தால் ஓ, யூ என்று இரண்டு எழுத்தைப் போடுவார்கள். அதனால் முத்து 'மௌத்தௌ' என்று வாயைக் குவித்துக்கொண்டு நிற்பான். லத்தீன் இலக்கணம் இன்னொரு தொல்லை. பிள்ளையாக இருக்கும்போது அந்தோனியுஸ்; அவனே தகப்பனாகிவிட்டால், 'அந்தோனியின் மகன்' என்று வருமிடத்தில், 'அந்தோனியி'. கலியாணமானால் ஆள் மாறிப்போவான் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன மொழி வேறில்லை. மகன் ஃபீலியுஸ், மகள் ஃபீலியா. கடைசி எழுத்தில் ஒரு மைத்துளி விழுந்தால் தாத்தா பாட்டியாகிவிடுவார்.

மாதம் எழுதுவதில் அந்தக் காலத்துச் சாமியார்களுக்கு ஒரு சிக்கனம். ஏழு என்று இலக்கம் போட்டுப் பக்கத்தில் 'பிரிஸ்' என்று சேர்த்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். எட்டு அக்டோபர், ஒன்பது நவம்பர், எக்ஸ் போட்டால் டிசம்பர். ஏட்டுப் பக்கத்தை நான் போனில் படமெடுத்து அனுப்ப, என் சித்தப்பா, "ஏழுன்னா ஏழாம் மாசம்தானேடா" என்று தம் அப்பாவின் பிறந்தநாளை ஜூலையில் கொண்டாடி, அநாதைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போட்டுவிட்டார். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்கள். இனி திருத்தி என்ன?

அந்தப் பக்கம் 1889-ஆம் வருஷத்தது; என் தாத்தாவின் ஞானஸ்நானம். மை பழுத்துக் காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. பிள்ளை பேர் இஞ்ஞாசியுஸ்: தெளிவு. தாய் பேர் மரியா: தெளிவு, ஆனால் பிரயோஜனமில்லை. அந்தப் பக்கத்துத் தாய்மாரில் முக்கால்வாசிப் பேர் மரியாதான். ஞானத்தகப்பன், ஞானத்தாய் தெளிவு. சாதி எழுதின இடம் மகா தெளிவு. அங்கே பூச்சிகூட வாய் வைக்கப் பயந்திருக்கிறது. தகப்பன் பேரில் மட்டும் ராமபாணம் புகுந்து தலையைத் தின்றுவிட்டு வாலை விட்டுவைத்திருந்தது. வால் இதுதான்: 'அப்பென்'.

வேறு சாதிசனம் யாருக்காவது இப்படி ஒரு வால் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்று சந்தோஷப்படலாம். எங்களுக்கு அப்படியில்லை. பழைய தமிழ்க் கிறிஸ்தவர்கள் பரலோகத்தில் இருக்கிற முக்கியஸ்தர்கள் எல்லாரையும் அப்பனாக்கி வைத்திருக்கிறார்கள். பேதுரு இராயப்பன், பவுல் சின்னப்பன், யோவான் அருளப்பன், யாக்கோபு யாகப்பன், முடிசூடிய ஸ்தேவான் முடியப்பன். போதாததற்கு சூசையப்பன். ஆக, என் பூட்டன் புனிதர்களில் யாரோ ஒருவர் என்பதுவரை ஆராய்ச்சி முன்னேறியது.

தலை முழுதும் போகவில்லை. முதல் எழுத்தின் அடியில், கோட்டுக்குக் கீழே இடப்பக்கமாகச் சுருண்ட ஒரு வளைவு மிஞ்சியிருந்தது. உளுந்தளவுதான் இருக்கும். அந்த உளுந்தை வைத்து எங்கள் குடும்பம் மாவாட்ட ஆரம்பித்தது.

சித்தப்பாவுக்கு அது ராயப்பன். சந்தேகமே இல்லை. ராயப்பன் ஊருக்கு உபதேசியாராக இருந்தவராம், மணிக்கூண்டு நிற்கிற இடம் அவர் கொடுத்ததாம். இந்த வரலாற்றுக்கு ஆதாரம் சித்தப்பா. அதைவிடப் பலமான ஆதாரம், அவர் கட்டிக்கொண்டிருந்த புதுவீட்டுக்குக் கருங்கல்லில் 'ராயப்பர் இல்லம்' என்று ஏற்கெனவே வெட்டக் கொடுத்துவிட்டார். என் அக்காவுக்கு யாகப்பன். பேரனுக்கு ஜேம்ஸ் என்று பேர் வைத்திருக்கிறாள், காரணம் அவ்வளவுதான். மச்சானுக்கோ முடியப்பன். கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாத ஒரு முடியப்பன் எங்கள் ஊரில் இருந்தானாம். பெண் எடுத்த வீட்டில் ஓடிப்போனவன் ஒருவன் இருந்தால் மாப்பிள்ளைமாருக்கு அதில் ஒரு நிம்மதி. இத்தனை பேரும் ஆசைக்கு ஏற்ற மாதிரி எழுத்தைப் படிக்க, நடுநிலையாளனான என் கண்ணுக்கு மட்டும் அது பளிச்சென்று சின்னப்பன் என்று தெரிந்தது. என் பேரும் சின்னப்பன் என்பது தற்செயல்.

"எந்த அப்பனா இருந்தா என்னங்க? ரேஷன்ல இன்னைக்குப் பாமாயில் போடுறானாம்" என்றாள் என் மனைவி. ஆராய்ச்சியாளன் வீட்டில் கிடைக்கிற ஊக்கம் இப்படித்தான் இருக்கும்.

எங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது என்பதுதான் இத்தனைக்கும் மூலம். மகன் பேர், தகப்பன் பேர், முடிந்தது. தூத்துக்குடிப் பரதவர்கள் 1530-களில் போர்த்துக்கீசியர் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து குடும்பப் பேரும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அங்கே ஏட்டைத் திறந்தால் பக்கம் முழுக்கப் பர்னாந்து. குடும்பப் பேர் இருந்தும் இல்லாத கதை. புதுச்சேரியில் 1881-இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டு, சொந்தச் சட்டத்தைத் துறந்தவர்கள் ஒரு குடும்பப் பேரைத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றது. வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' ஆனார். அவர் சந்ததிக்கு ஏடு பார்ப்பது எவ்வளவு சுலபம்! என் பூட்டன் வண்டி கட்டி ஒருதடவை புதுச்சேரி போய் வந்திருக்கலாம். இப்படி ஒரு பேரன் வந்து பிறப்பான் என்று அவருக்கு யார் சொல்வது?

லத்தீன் வேண்டாம், தமிழில் ஏதாவது உண்டா என்று உபதேசியாரைக் கேட்டேன். கோவில் வரி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் எழுதியது. தமிழ்தானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். மனுஷன் ஓர் இடத்தில்கூடப் புள்ளி வைக்கவில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பழகிய கை, காகிதத்திலும் குத்தாமலே போயிருக்கிறது. எகரம் ஒகரத்தில் குறில் நெடில் பேதமில்லை. வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்துக் காட்டி நூற்றைம்பது வருஷமாகியும் செய்தி இவருக்கு வந்து சேரவில்லை. காலும் ரகரமும் ஒரே மாதிரி. மரியம்மாள் என்பது 'மரியமமரள' என்று ஏதோ தெலுங்குப் பெண் மாதிரி இருக்கிறது. எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி எங்கள் தெருவுக்கு வந்தேன். ராயபபன, யாகபபன, முடியபபன, அருளபபன. வேட்பாளர்கள் எல்லாருமே அங்கே குடியிருந்து எல்லாருமே வரி கட்டியிருக்கிறார்கள். சின்னப்பன் மட்டும் இல்லை. வரி கட்டாமல் இருந்திருப்பான் என்று மனைவி சொன்னாள். பேர்ப் பொருத்தம் சரியாக இருக்கிறதாம்.

வழி காட்டியது ஏட்டின் ஓரம். 1908 ஈஸ்டர் முதல் ஒரு புதுச் சட்டம்: கலியாணமானால், அதை மாப்பிள்ளை பெண்ணுடைய ஞானஸ்நானப் பதிவின் பக்கத்திலும் குறிக்கவேண்டும். ஏற்கெனவே கலியாணமானவன் வேறு பங்கில் போய்க் கலியாண ஓலை வாசிக்கக் கொடுத்துவிடாமல் இருக்க ஏற்பாடு. ஒரு சபலக்காரனுக்காகப் போட்ட சட்டம் என்னைப் போன்ற அப்பாவிக்கு உதவியது. தாத்தாவின் பேருக்கு நேரே ஓரத்தில், வேறு மையில், பொடி எழுத்தில், 1912, பாட்டியின் ஊர்.

பாட்டி ஊரில் அந்த வருஷம் இருந்தவர் நாட்டுச் சாமியார். அச்சில் வார்த்த மாதிரி கையெழுத்து. மூன்று ஓலை வாசித்தது, தடை எதுவும் வராதது, சாட்சிகள், எல்லாம் வரிசையாக. அதில், 'காலஞ்சென்ற அருளப்பன் மகன் இஞ்ஞாசி.'

சந்தேகத்துக்குத் திரும்பவும் 1889-க்கு வந்தேன். பேரை விட்டுவிட்டு அதே சாமியாரின் கையில் தெரிந்த சொற்களை மட்டும் பார்த்தேன். ஏப்ரல் மாதத்தை எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறார், அந்தோனியைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறார். எழுதும்போதெல்லாம் அந்தப் பெரிய 'ஏ'யின் இடதுகாலைக் கோட்டுக்குக் கீழே இறக்கி, ஒரு சுருட்டுச் சுருட்டிவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறார். ராயப்பனின் 'ஆர்' அவர் கையில் கோட்டோடு நின்றுவிடுகிறது. யாகப்பனின் 'ஒய்'க்கு வால் உண்டு, ஆனால் அது நேரே குத்தி இறங்குகிறது. உளுந்து அருளப்பனுடையதுதான். சாவேட்டிலும் அதே தெருவில் ஒரு யோவான்னஸ், மனைவி மரியா. சாவுக்குச் சாமியார் லத்தீன் பேரைப் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

ஆள் கிடைத்துவிட்டார். யாருக்கும் வேண்டாத ஆள். உபதேசியாரில்லை, நிலம் கொடுத்தவரில்லை, கண்டிக்கு ஓடியவருமில்லை. வரி நோட்டில் மூன்றணா கட்டிவிட்டு ஓரணா பாக்கி வைத்தவர். அக்கா, "அப்படியா" என்று போனை வைத்துவிட்டாள். மச்சானுக்கு முகமே விழுந்துவிட்டது. சித்தப்பா மட்டும் பாட்டி ஊர் ஏட்டின் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தச் சாமியாருக்குக் கையெழுத்து சரியில்லடா."

"அச்சு மாதிரி இருக்கே சித்தப்பா?"

"அதான் சொல்றேன். இவ்வளவு அழகா எழுதுறவன் யோசிச்சு எழுதியிருக்க மாட்டான்."

கல்லை மாற்ற முடியுமா என்று நானே ஆசாரியிடம் கேட்டுப் பார்த்தேன். 'ப்பர்' வரைக்கும் சேதமில்லை, முன்பக்கம்தான் பிரச்சினை, அதற்குக் கல்லையே புதுசாகப் போடவேண்டும் என்றார். ராமபாணம் பார்த்த வேலையை அவரும் பார்க்கச் சம்மதித்தார், கூலிதான் அதிகம்.

வீடு மந்திரிக்கிற அன்றைக்குச் சாமியார் தீர்த்தச் செம்போடு வாசலில் நின்று பலகையைப் படித்தார். "ராயப்பர்ங்கிறது உங்க பாட்டனார் பேருங்களா?" என்று விசாரித்தார். சித்தப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"சேச்சே, அப்போஸ்தலர் பேரு சாமி. பாட்டன் பேரையெல்லாம் யாராவது வாசல்ல எழுதுவாங்களா?"