தோட்டத்துத் திணையியல்

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லான் நகரத்து ஆயர் அடல்பேரோ, உலகத்து மக்களை மூன்றே கூறாகப் பிரித்து முடித்துவிட்டார்: வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர். நம்மூர் இலக்கண ஆசிரியர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். திணைக்குள் பால், பாலுக்குள் எண் என்று வகுத்துக்கொண்டே போய், கடைசியில் எதிலும் அடங்காததைப் போட்டு வைக்க ஒரு புறனடையும் வைத்துக்கொள்ளும் பரம்பரை நம்முடையது. ஆகவே நிலப்பிரபுத்துவம் கற்க விரும்பும் தமிழ் மாணவர் ஐரோப்பா போக வேண்டியதில்லை. மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலையேறி, தேயிலைத் தோட்டங்கள் உள்ள ரிங்லெட் வரை வந்தால் போதும். நிலத்தால் குறிஞ்சி, ஒழுக்கத்தால் அது பிரபுவின் பண்ணை என்க.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் ஏறிப் பார்த்த மலை இது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஏ.பி. மில்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். செடிதான் மலைக்குப் புதிது. யார் யாருக்குக் கும்பிடு போட வேண்டும் என்ற வரிசை கீழே ரப்பர்த் தோட்டங்களில் ஏற்கெனவே நன்றாக வேர்விட்டிருந்தது.

முதல் வகை துரை. பெரிய துரை, சின்ன துரை என இரண்டு. வாழிடம் மேட்டுப் பங்களா. ஐரோப்பியப் பிரபுவுக்குச் சொந்த நீதிமன்றம் இருந்தது. துரைக்கு ஆபீஸ் வாசற்படி இருந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை வரை அங்கேயே தீர்ப்பு. இவ்வகையைப் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று, பெரும்பாலும் அவர்களே எழுதினார்கள். எனவே மேலே செல்வோம்.

அடுத்தது கணக்கெழுதும் கிராணி. மலாயாவில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார் அல்லது மலையாளி. ஆங்கிலேயப் பண்ணையில் பிரபு வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த பெய்லிஃப் எப்படியோ அப்படி. கையில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு. செக்ரோலின் பெருமை அறியாதார் ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டும். பாரிசை அடுத்த சான் ஜெர்மான் மடத்துத் தலைவர் இர்மினோன் தம் நிலத்துக் குடிகளை எல்லாம் ஏட்டில் ஏற்றினார். போதோ என்ற குடியானவன், மனைவி எர்மன்ட்ரூட், பிள்ளைகள் மூன்று பேர், அவர்கள் ஆண்டுதோறும் மடத்துக்குத் தர வேண்டிய மூன்று கோழி, பதினைந்து முட்டை எல்லாம் அதில் உண்டு. முட்டை குறைந்தால் தெரிந்துவிடும். கிராணியின் ஏட்டில் முட்டைக்குப் பதில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி.

மூன்றாவதான கங்காணிதான் இந்நூலின் உயிர்நாடி. ஆங்கிலேயப் பண்ணையில் ரீவ் என்பவன் குடியானவர்களுக்குள்ளிருந்தே எழும்பி அவர்களை மேய்த்தவன். கங்காணியும் அப்படியே. ஊருக்குப் போய், மாமன் மச்சான், பங்காளி, சாதிசனம் என்று தேடிப் பிடித்து, கப்பலேற்றிக் கொண்டுவருவார். ஆள் தலைக்கு ஒரு தொகை. வந்தபின், அந்த ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒருவன் வராவிட்டால் கங்காணிக்குக் காசு போயிற்று. ஆகவே தொழிலாளிக்குக் காய்ச்சல் வருவது கங்காணிக்குச் செய்யும் துரோகம். அடிப்பவரும் அவரே, கல்யாணத்துக்குக் கடன் தருபவரும் அவரே, முறை சொல்லிக் கூப்பிட வேண்டியவரும் அவரே. எந்த ஐரோப்பிய ரீவுக்கும் இவ்வளவு வசதி கிடையாது. 1938இல் இந்திய அரசு ஆள்கட்டி அனுப்புவதை நிறுத்தியதும் இவ்வகை அழிந்தது என்று சில ஆசிரியர் கூறுவர். அது பொருந்தாது, மண்டோர் என்ற பெயரில் தொடர்ந்தது.

நான்காவது, உழைப்போர். கொழுந்து எடுக்கும் பெண்கள் இதில் தலையாயவர். இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளி, தலைக்கு மேல் வீசி முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டே, நிற்கவும் இடமில்லாத சரிவில் பக்கவாட்டில் நகர வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து சுமந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தூள். 1920களின் இறுதியில் மலாயாவின் பல வட்டாரங்களுக்கு வகுத்த நியமச் சம்பளம் ஆணுக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது. அந்தப் பத்துக் காசு எந்த உறுப்பின் குறைக்கு என்பதை உரையாசிரியர் யாரும் விளக்கவில்லை.

வழிபடுவோர் எங்கே என்று கேட்பவர்களுக்கு: அவ்விடம் நெடுங்காலம் காலியாக இருந்தது. இப்போது சுங்கை பாலாஸ் பார்வை மாடத்தில் தேநீர்க் கோப்பையும் கேமராவுமாகத் திரள்கிறார்கள். போரிடுவோரைப் பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங் சாலையில் காணலாம், ஹாரன் ஏந்தியபடி.

மரியாதை இயல் தனியே கூற வேண்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். கேட்டது என்ன? சம்பளம், பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுதல். அவற்றோடு இன்னொன்றும்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. அதையும் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. பிரபுவின் முன் குதிரையில் போகும் குடியானவனை ஐரோப்பிய நூல்களில் தேடினாலும் கிடைப்பது அரிது. அவனிடம் குதிரை இல்லை. இவனிடம் சைக்கிள் இருந்தது, அதுதான் வம்பாயிற்று.

ஆனால் இரு திணைக்கும் ஓரிடத்தில் பெரும் வேற்றுமை உண்டு. போதோவைப் போன்றவன் மண்ணை விட்டுப் போக முடியாது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவந்தால் வழக்கப்படி அவனை மண்ணிலிருந்து கிளப்பவும் எளிதில் முடியாது. அவன் நிலம் பிள்ளைக்குப் போகும். தோட்டத் தொழிலாளியோ, சட்டப்படி ஒரு மாத நோட்டீஸில் தாராளமாகப் போகலாம். கடன் விடாது, அது வேறு. போனால் லயத்து வீடும் போகும். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த கிழவிக்கும் அந்த மண்ணில் சட்டி வைக்க இடம் சொந்தமில்லை. பிரபுத்துவத்தின் கும்பிடு மட்டும் கப்பலேறி வந்தது. கும்பிட்டவனுக்குப் பிரபு செய்ய வேண்டிய கடமை வழியிலேயே இறங்கிவிட்டது.

புறனடை: லயத்துப் பிள்ளைகள் படித்தும் படிக்காமலும் தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் இறங்கிவிட்டார்கள். சரிவில் இப்போது பெட்ரோல் இயந்திரத்தை இருவர் இரு பக்கமும் பிடித்து நிரையின் மேல் இழுத்துப் போகிறார்கள். வங்காளதேசத்தவர், நேப்பாளத்தவர், இந்தோனேசியர். அவர்களுடைய பெர்மிட்டில் முதலாளியின் பெயர் அச்சிட்டிருக்கிறது. அந்த முதலாளியை விட்டால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும். இவர்களை எத்திணையில் அடக்குவது என்று மாணவர் கேட்டால், போதோவின் பக்கத்தில் ஒரு வரி காலியாக இருக்கிறது, கோழி முட்டையை மட்டும் அடித்துவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்க.