மொய்யில் சேரும் ஒரு ரூபாயின் பகாத்தன்மை

கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு மொய் நோட்டை விரித்திருப்பவர், 'ஆயிரத்து ஒண்ணு' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். ஆயிரம் சரி, அந்த ஒண்ணு எதற்கு? கவரிலேயே நாணயத்தை ஒட்டி விற்கும் அளவுக்கு வேரூன்றிவிட்ட இவ்வழக்கத்தை எண்கணிதத் துறை இதுநாள்வரை கண்டுகொள்ளாதது வருந்தத்தக்கது.

பெரியவர்கள் இரண்டு காரணம் சொல்வார்கள். தொகை பூஜ்யத்தில் முடியக் கூடாது என்பது முதலாவது. இதை ஆராய ஒன்றுமில்லை, கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். மணமக்கள் பிரியாதிருக்க, தொகையும் பிரிபடாததாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. இதைச் சோதித்தே ஆக வேண்டும்.

101 பகா எண். தாய்மாமன் குறை சொன்னாலும் கணிதம் குறை சொல்லாது. 501 தேறவில்லை: 3 × 167. ஆயிரத்து ஒன்றின் கதி இன்னும் மோசம். 7, 11, 13 என்று மூன்றாகச் சிதறுகிறது. இச்சிதறலால் ஒரு லாபம் உண்டு. ஏதாவதொரு மூன்றிலக்க எண்ணை இருமுறை சேர்த்தெழுதுங்கள்: 247247. அதை 7-ஆல் வகுத்தால் 35321, அதை 11-ஆல் வகுத்தால் 3211, அதை 13-ஆல் வகுத்தால் பழைய 247. பந்தியில் இடம் கிடைக்கும்வரை பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

தொகை கூடக்கூட நிலைமை சீர்படும் என்று நம்புவோர் மேலே படிக்க வேண்டும். 10,001 = 73 × 137. ஒன்றுக்குப் பின்னுள்ள பூஜ்யங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், ஒரு ரூபாய் சேர்த்ததும் 11 வந்து வகுத்துவிடும். லட்சத்து ஒன்றும் கோடியே ஒன்றும் தொலைந்தது இப்படித்தான். பத்து லட்சத்து ஒன்றை வகுப்பதோ, நாம் நல்லவன் என்று நம்பிய அதே 101 (மற்றொரு காரணி 9,901). சொந்தக்காரனே காலை வாருவது மொய் விவகாரத்தில் புதிதல்ல.

பத்துக் கோடியே ஒன்று தனியே கவனிக்கத்தக்கது. அது 17 × 58,82,353. இந்த இரண்டாவது காரணி பகா எண். அதன் இலக்கங்களை 588, 2353 என்று இரண்டாக வெட்டி, இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். 3,45,744 + 55,36,609. வருவது மறுபடி அதே 58,82,353! வெட்டினாலும் கூடிவரும் இந்த எண்ணைத்தான் மணமக்களுக்கு வைத்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு மொய் எழுதும் உறவினர் ஆய்வாளருக்கு வாய்க்கவில்லை.

நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்ற வரிசையில் ஒன்று கூட்டிக் கிடைக்கும் எண்களில் 101-க்கு மேல் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. ஆகவே பிரிபடாத மொய்தான் எழுதுவேன் என்போர் 101-உடன் நிறுத்திக்கொள்ளலாம். மனசாட்சி உறுத்தினால் 503, 1,009, 10,007 எழுதலாம். மூன்றும் பகா எண்களே. கவர் தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: ஆயிரம் ரூபாய்க் கவரில் இனி ஓர் ஐந்து ரூபாய் நாணயமும் இரண்டு இரண்டு ரூபாய் நாணயங்களும் ஒட்டித் தாருங்கள்.