முதலாம் ஆண்டுத் திணை: சுங்கை பினாங் வகுப்பறையை முன்வைத்து ஓர் ஆய்வு

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒன்னும் இல்ல" என்று பதில் வரும். தமிழ்க் கல்வி வரலாற்றில் இதுவரை யாரும் முறையாக ஆராயாத தரவு இது. பாட்டிமார் இதைத் திமிர் என்பர். தாய்மார் களைப்பு என்பர். தந்தையர் கைப்பேசியிலிருந்து தலை தூக்காமல் "ம்" என்பர். மூன்றும் பொருந்தா. ஒரு பக்கம் கல்வி அமைச்சின் தர ஆவணமும் ஆசிரியையின் ஆண்டுப் பாடத்திட்டமும் தடித்த கோப்புகளாக நிற்கின்றன. மறுபக்கம், நேரில் இருந்து கண்ட ஒரே சாட்சி அங்கே எதுவுமே நடக்கவில்லை என்று சாதிக்கிறது. இந்தத் தவணையில் முதலாம் ஆண்டு என்னதான் கற்கப்போகிறது? இதுவே ஆய்வுச் சிக்கல்.

முதலில் எல்லை. பினாங்குத் தீவில் சுங்கை பினாங் என்ற பெயரில் இரண்டு இடங்கள் உள. பாலிக் பூலாவ் பக்கத்தது இங்கே விலக்கப்பட்டது. ஜெலுத்தோங்கை ஒட்டி, ஜார்ஜ்டவுன் நகரத்து அழுக்கையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோகும் ஆற்றங்கரையதே கொள்ளப்பட்டது. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் எதையும் பெயர் சொல்லிச் சுட்டவில்லை. சுட்டுவதால் பயனும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைகள் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே மாதிரித்தான் அழிப்பானைத் தொலைக்கிறார்கள்.

முன்னோடிகளைத் தேடினால் 1816-க்குப் போக வேண்டும். பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியால் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கிய ஆண்டு அது. அங்கே நடந்த தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் பிறப்பாகக் கணக்கிட்டு, 2016-இல் இருநூறு ஆண்டு விழா எடுத்தார்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள் மாலையில் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள் என்பதற்குக் கல்வெட்டோ செப்பேடோ கிடையாது. எனினும் "ஒன்றும் இல்லை" என்றே சொல்லியிருப்பார்கள் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. மறுப்போர் சான்று காட்டுக.

இனி முறையியல். தொல்காப்பிய மரபுப்படி முதல், கரு, உரி என மூன்றையும் கண்டாலன்றி எந்தத் திணையும் விளங்காது. முதலாம் ஆண்டுத் திணையின் நிலம், மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் வடிய வழியில்லாமல் தண்ணீர் ஏறும் தாழ்நிலம். பொழுது, காலை ஏழரை தொடங்கி ரெஹாட் மணி வரை. அதற்குப் பிந்தியது பொழுதாகக் கொள்ளப்படாது. கருப்பொருள்களாவன மூடி சரியாகத் திருகாத தண்ணீர்ப் புட்டி, கூர் சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவாகிவிட்ட பென்சில், பக்கத்துப் பிள்ளையின் பென்சில். உரிப்பொருள், காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். வரிசையில் காத்திருத்தல், கையைத் தூக்கியபடி காத்திருத்தல், கழிப்பறை அனுமதிக்குக் காத்திருத்தல், பாட்டியின் தலை கேட்டில் தெரியக் காத்திருத்தல். இது முல்லையே ஆகாதோ எனின், ஆகாது. முல்லைத் தலைவி இருந்த இடத்தில் இருப்பாள்.

அடுத்து பாடங்கள். கணிதத்தில் நூறு வரை எண்கள், அரை, கால், பத்து வெள்ளி வரை பணம் என்கிறது திட்டம். கந்தினில் கையை நீட்டி நிற்கும் பிள்ளைக்கு இந்த மூன்றும் ஒரே பாடம். ஒரு வெள்ளியைக் கொடுத்து அறுபது காசுக்கு வாங்கினால் மீதி எவ்வளவு என்பது கழித்தல். அந்த மீதியை வாங்க மறந்து ஓடிவருவது வாழ்க்கை. ஒரு கறிபாப்பை இருவர் பங்கிடும்போது உருளைக்கிழங்கு உள்ள பாதியும் வெறும் மாவுப் பாதியும் சமமா என்பதைத் தர ஆவணம் தொடவேயில்லை. களத்தில் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளாவது அதுதான்.

தமிழில் 247 எழுத்துகளும் ஆத்திசூடியும் காத்திருக்கின்றன. எழுத்துகளில் 'ஞ' தனிக் கவனத்துக்கு உரியது. பார்வைக்குக் கிடைத்த ஓர் எழுத்துப் பயிற்சி ஏட்டில் 'ஞ' எழுதிய இடத்தில் எழுத்தே இல்லை; அழித்து அழித்து ஓட்டை விழுந்து, அதன் வழியே அடுத்த பக்கத்து 'ட' தெரிந்தது. ஆசிரியை அந்த ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒட்டியிருந்தார். எதற்கு நட்சத்திரம்? உரையாசிரியர் பலவாறு கூறுவர். முயற்சிக்கு என்பதே நம் கொள்கை.

அறிவியல்தான் சுவையானது. முதலாம் ஆண்டு நூலில் உயிருள்ளவை, புலன்கள், விலங்கு, தாவரம், காந்தம் எல்லாம் ஒழுங்காக வந்து, அதற்குப் பிறகே 'நீர் ஈர்ப்பு' வருகிறது: எந்தப் பொருள் நீரை உறிஞ்சும், எது உறிஞ்சாது. சுங்கை பினாங் பிள்ளை இந்த வரிசையை மதிப்பதில்லை. காந்தத்தைக் கண்ணால் காணும் முன்பே அது நீர் ஈர்ப்பில் தேர்ந்துவிடுகிறது. காலுறை உறிஞ்சும்; கணித ஏடு நன்றாக உறிஞ்சும்; பிளாஸ்டிக் உறை உறிஞ்சாது, ஆனால் உள்ளே போன தண்ணீரை வெளியே விடாது. மேற்சொன்ன தண்ணீர்ப் புட்டியே முதன்மை ஆய்வுக்கருவி. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கையே முக்கிய வெள்ளத்தில் இந்தப் பகுதி வீடுகளின் மெத்தைகள் எவ்வளவு உறிஞ்சின என்பதைப் பெற்றோரைக் கேட்டால் ஓர் இயலே எழுதலாம். பாடநூல் குழுவில் இந்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தால் அந்த அலகை முதலில் வைத்திருப்பார்.

கைவிடப்பட்ட பாடம் ஒன்றையும் பதிவு செய்தாக வேண்டும். சப்பாத்துக்கு வெள்ளை அடித்தல். ஞாயிறு மாலை சப்பாத்தைத் தேய்த்துக் கழுவி, வெள்ளைச் சாயம் பூசி, சுவரில் சாய்த்துக் காயவைத்து, மழை வந்ததும் வீடே அலறி ஓடி எடுப்பது பல தலைமுறைகளின் வேதியியல், வானிலையியல், குடும்ப நிர்வாகம் மூன்றும் சேர்ந்த கல்வி. 2019-இல் கருப்புச் சப்பாத்து நுழைந்தது. 2021 முதல் முழுதும் கருப்பு. அம்மாக்கள் மகிழ்ந்தார்கள், நியாயந்தான். ஆனால் அழுக்கு தெரியாத சப்பாத்து, பிள்ளை ரெஹாட்டில் எங்கே போனது என்பதற்கான தடயத்தையும் அழித்துவிட்டது. ஆய்வாளர்க்கு இது பேரிழப்பு.

மதிப்பீட்டுக்கு வருவோம். முதல் மூன்று ஆண்டுகளுக்கு 2019 முதல் தேர்வு கிடையாது. ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் போய்விட்டது. இப்போது வகுப்பறை மதிப்பீடு, ஒன்று முதல் ஆறு வரை அடைவுநிலை. "என் பிள்ளைக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டே பழகிய பெற்றோருக்கு "அடைவுநிலை நான்கு" என்றால் மகிழ்வதா வருந்துவதா என்று தெரிவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை என்று விசாரித்த பிறகே முடிவு செய்கிறார்கள். இது அமைச்சு எதிர்பாராத ஏழாவது நிலை.

பள்ளி கேட்டருகே கேட்ட உரையாடல் ஒன்று முதன்மைச் சான்றாகத் தரப்படுகிறது.

"என்னய்யா படிச்ச இன்னிக்கு?"

"ஒன்னும் இல்ல பாட்டி."

"டீச்சர் ஒன்னுமே சொல்லலியா?"

"வாய மூட சொன்னாங்க."

"மூடுனியா?"

"கொஞ்ச நேரம்."

இச்சான்றால் பெறப்படுவது யாதெனின், பிள்ளை பொய் சொல்லவில்லை. பாடம் என்று பெரியவர்கள் எதைச் சொல்கிறார்களோ அது அதன் கணக்கில் வரவில்லை; அவ்வளவே. மூன்று மொழிகளில் நூறு வரை எண்ணக் கற்றது பாடமாகத் தெரியவில்லை. முப்பது பிள்ளைகள் சேர்ந்து கத்தும் அறையில் தன் பெயர் மட்டும் காதில் விழக் கற்றதும் தெரியவில்லை. கோப்பும் சாட்சியும் முரண்படவில்லை; கேள்விதான் தவறு.

எனவே பெற்றோர்க்குப் பரிந்துரை இரண்டே. "என்ன படிச்சே?" என்பதை விட்டுவிட்டு, "பக்கத்துல யாரு உக்காந்தா?" என்று கேளுங்கள்; அரை மணி நேரத்துக்கு வாய் ஓயாது, அதற்குள் கணிதமும் அறிவியலும் தானே வந்து விழும். மற்றொன்று, பாடநூல்கள் 1975-இல் தொடங்கிய கடனுதவித் திட்டத்தில் வந்தவை, ஆண்டு முடிவில் திருப்பித் தர வேண்டியவை. இந்த வாரமே உறை போட்டுவிடுங்கள். தண்ணீர்ப் புட்டியைப் பையின் வெளிப்பக்கத்தில் வையுங்கள்.