நானூறு குதிரையும் ஒரு மஞ்சள் விளக்கும்

உடுமலைப்பேட்டையில் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொள்ளாச்சி ரோட்டில் ஏதாவதொரு பேக்கரி வாசலில் பையன்கள் கூட்டமாக நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தால், நடுவில் சிவப்பாக ஒரு மஸ்டாங் நிற்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் வெள்ளை வேட்டியும் ரப்பர் செருப்புமாக, விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்பவர்தான் நம்மவர்.

அப்பா காலத்து நூல் மில். காரும் மில்லின் பேரில்தான். தேய்மானம் காட்டலாம் என்று ஆடிட்டர் சொன்னதாலேயே வாங்கியதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். வாரம் முழுக்க அது பஞ்சுக் குடோனில் பேல்களுக்கு நடுவே நிற்கும். ஞாயிறு மதியம் அதன் மேல் படிந்த பஞ்சைத் துடைக்கவே இரண்டு ஆள் வேண்டும்.

2016இல் ஃபோர்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்த ரகம் அது. ஐந்து லிட்டர் வி8 எஞ்சின், சுமார் நானூறு குதிரைத் திறன். அத்தனையும் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும். இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர் வேகத்தைப் பற்றித்தானே பேசுவார்? பேசமாட்டார். தளி ரோட்டுச் சந்துகளில் போக முடிகிற வேகத்துக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லே தாராளம் என்று அவருக்கே தெரியும். அவர் பேச்செல்லாம் டிராக்‌ஷன் கன்ட்ரோல் பற்றித்தான்.

"இருக்கறதுலயே பெரிய விசயம் அதுதானுங்க" என்று பப்ஸைப் பிட்டுக்கொண்டே ஆரம்பிப்பார். நாலு சக்கரத்திலும் சென்சார் இருக்கிறது. முன்சக்கரம் வண்டியோடு சும்மா உருள்வது; அது சுற்றுகிற வேகம்தான் வண்டியின் நிஜ வேகம். பின்சக்கரம் அதைவிட வேகமாகச் சுற்றினால் வழுக்குகிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். உடனே எஞ்சின் பலத்தைக் குறைக்கும், வழுக்குகிற சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போடும். மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு சிமிட்டும். நம் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எடுப்பதற்குள் கதை முடிந்திருக்கும்.

இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. மழை ரோட்டில், அதுவும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்துவிட்டு முதல் மழையில் எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கிற ரோட்டில், இந்த ஏற்பாடு எத்தனையோ பேரைப் பள்ளத்தில் விழாமல் காப்பாற்றியிருக்கிறது. சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்டோ லூமில் பாவு இழை ஒன்று அறுந்தால், அதில் தொங்குகிற சின்னத் தகடு கீழே விழும், தறி தானாக நின்றுவிடும். எந்தத் தறிக்காரரும் "பாத்தீங்களா, எப்படி நிறுத்துனேன்!" என்று மீசையை முறுக்குவதில்லை. நம்மவர் முறுக்குவார். மஞ்சள் விளக்கு "தம்பி, காலை எடு" என்று சொல்லச் சொல்ல, அது தனக்கு அடிக்கிற சல்யூட் என்றே அவர் நினைத்துக்கொள்கிறார்.

வரலாறும் அவரிடம் உண்டு. 1978இல் பென்ஸ் காருக்கு போஷ் செய்து கொடுத்த ஏபிஎஸ்தான் இதற்கு மூத்தது என்பார். ஃபார்முலா ஒன்னில் 1994இல் டிராக்‌ஷன் கன்ட்ரோலைத் தடை செய்தது, 2001இல் திரும்ப விட்டது, 2005இல் நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் ஓட்டியபோது இது அனுமதியில் இருந்தது, 2008இல் மறுபடி தூக்கியது, எல்லாம் விரல் நுனியில். "இன்னிக்கு ஃபார்முலா ஒன் டிரைவருக்கே இல்லாத வசதி நம்மகிட்ட இருக்குதுங்க!" என்று முடிப்பார். ஓட்டுகிறவரின் திறமை தெரியட்டும் என்றுதான் அங்கே எடுத்தார்கள் என்பதைக் கூட்டத்தில் யாரும் எழுப்பமாட்டார்கள். டீக்காசு அவர் கொடுப்பது.

மாசி மாதம் குடிமங்கலம் பக்கம் அவரோடு போனேன். இரண்டு பக்கமும் காற்றாலை, நடுவில் தார் ரோடு, ரோட்டின் மேல் நீளத்துக்கும் கொள்ளுச்செடி பரப்பிக் கிடந்தது. போகிற வருகிற வண்டிகளே அடித்துக் கொடுக்கட்டும் என்ற ஏற்பாடு. நம்மவர் முகம் மலர்ந்தது. வண்டியில் பனிக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு மோடு உண்டு. உடுமலையில் அதற்கு வேலை கிடைக்க வேறு வழி ஏது? அதைத் தட்டிவிட்டு, கொள்ளின் மேல் ஏறி, ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். பின்பக்கம் சரசரவென்று லேசாக ஒதுங்கியது. விளக்கு சிமிட்டியது. எஞ்சின் குரல் அடங்கி, வண்டி நல்ல பிள்ளையாக நேரே ஊர்ந்தது. "எப்பிடி!" என்றார்.

ரோட்டோரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். "ஏஞ்சாமி, உம்பட வண்டி நல்ல கனம். நெத்து நல்லா ஒடையுது. அந்தக் கோடி வரைக்கும் போயித் திலுப்பிக்கிட்டு இன்னொருக்கா வா." நம்மவர் மறுக்கவில்லை. கொள்ளு முழுவதும் உதிருகிற வரை போய்ப் போய் வந்தார்.

அமராவதி தாண்டி மூணாறு ரோட்டில் காட்டுக்குள் ஒரு தடவை யானை குறுக்கே வந்து நின்றது. எந்த மோடிலும் அதற்கு வழியில்லை. நானூறு குதிரையும் ஒரு யானைக்கு முன்னால் சத்தமில்லாமல் ரிவர்ஸ் எடுத்தன.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேதான் அவருக்கு உண்மையான பரீட்சை. மில் குடும்பத்தில் பிறந்து, குறைந்த செலவில் ரேஸ் கார் கட்டி, எத்தனையோ இளைஞர்களை ஓட்ட வைத்த கரிவர்தன் பெயரில் உள்ள தடம், 2.1 கிலோமீட்டர். அங்கே நம்மவருக்கு ரோசம் வந்து பட்டனை அமுக்கி டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டார். வளைவு முடியும் முன்னே ஆக்ஸிலேட்டரை மிதித்தார். விளக்கும் சிமிட்டவில்லை, யாரும் காலைத் தட்டிவிடவும் இல்லை. வண்டி அரைச் சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றது. ரோட்டைத் தொடுவது சக்கரத்துக்கு ஒரு உள்ளங்கை அளவு ரப்பர்தான். அதன் பிடி தீர்ந்தால் தீர்ந்ததுதான். மிதிப்பதை அடக்கத்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், இல்லாத பிடியை அதுவும் உண்டாக்காது.

பேக்கரிக்கு வந்ததும், "டயர்ல காத்து ஜாஸ்திங்க" என்றார். விளக்கு எரிந்தால் திறமை, எரியாவிட்டால் டயர்.

இப்போது இதைக் கொடுத்துவிட்டு அறுநூறு குதிரை வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறார். அதில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இன்னும் சுத்தமாம். டீ மாஸ்டர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, வழுக்குனா அது பாத்துக்குது, மிதிச்சா அது அடக்கிக்குது, பிரேக்கும் அதே போட்டுக்குது. அப்ப அதுல உங்களுக்கு என்னங்க வேலை?"

நம்மவர் ஒரு வாய் டீ குடித்து, நிதானமாக யோசித்துச் சொன்னார்: "டியூ கட்டறதுங்க."