பதினாறு மணி நேர அப்பா

மகளுக்கோ மகனுக்கோ அமெரிக்காவில் வேலை. அங்கே ஒரு பிரசவம் அல்லது கிருகப்பிரவேசம். பாஸ்போர்ட்டில் பத்து வருட விசா. இந்த மூன்றும் ஒரு வீட்டில் கூடிவிட்டால் அங்கே ஒரு புது மனிதர் தோன்றிவிடுகிறார்: முதன்முதலாக நெடுந்தூர விமானம் ஏறப்போகிற அப்பா. வயது அறுபத்தைந்தைத் தாண்டியிருக்கும். சர்க்கரை உண்டு, பி.பி. உண்டு, ‘கொஞ்சம் கேஸ்’ உண்டு. பயமா என்று கேட்டால், “பயமா? எனக்கா?” என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் உள்ளே போய் பி.பி. மெஷினைக் கையில் கட்டிக்கொள்வார்.

மாதிரிக்கு நங்கநல்லூர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மின்வாரியத்தில் உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர். மீனம்பாக்கத்து விமானங்களின் சத்தத்தைக் கேட்டே முப்பது வருடம் ஓடிவிட்டது. மொட்டை மாடியில் நின்றபடி ‘இது துபாய் வண்டி’ என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவார். இப்போது அந்த துபாய் வண்டியிலேயே அவருக்கும் அவர் மனைவிக்கும் டிக்கெட். சென்னையிலிருந்து துபாய் நாலு மணி நேரம். அங்கே மாறி சான் பிரான்சிஸ்கோ, ஏறத்தாழ பதினாறு மணி நேரம். டிக்கெட் வாட்ஸ்அப்பில் வந்த அன்றே அந்தப் பதினாறை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பெரிதாகத்தான் தெரிந்தது.

முதல் கவலை இறக்கை. யூடியூபில் விமானத்தைப் பற்றி ஒரே ஒரு வீடியோ பார்த்தால் போதும், அடுத்து வருகிற பத்தும் விபத்து வீடியோவாகவே இருக்கும். இறக்கை மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் மகளுக்குப் போன் போட்டார். மகளுக்கு அங்கே மத்தியானம், ஆபீஸில் மீட்டிங். “அப்பா, அது ஆடணும்ப்பா. ஆடாமலிருந்தாத்தான் ஒடியும்” என்று சொல்லிவிட்டு, ஒரு தகவலையும் அனுப்பி வைத்தாள். 1995-இல் போயிங் நிறுவனம் தன் 777 விமானத்தின் இறக்கையை வேண்டுமென்றே வளைத்து ஒடித்துப் பார்த்தது. பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்ச சுமையைப் போல ஒன்றரை மடங்கைத் தாங்கினால் போதும் என்பது விதி. அது 154 சதவீதம் வரை தாங்கிய பிறகுதான் முறிந்தது.

இதைப் படித்தால் சாதாரண மனிதருக்கு நிம்மதி வரும். பொறியாளருக்குத் தூக்கம் போனது. “ஒன்றரைதானா? நாங்க நட்ட கான்கிரீட் போஸ்டுக்கே ரெண்டு வெச்சோமே!” அவர் சொன்னது சரிதான். 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் ஆலையில் வார்த்த கான்கிரீட் கம்பத்துக்குப் பாதுகாப்புக் காரணி இரண்டு, மரக் கம்பத்துக்கு மூன்று. இரும்புக் கம்பத்துக்கு மட்டும் ஒன்றரை. பழைய கையேட்டைப் பரணிலிருந்து இறக்கி அந்தக் கடைசி வரியைக் கண்டுபிடித்த பிறகே ஒருவாறு சமாதானமானார். ‘இரும்புக் கம்பம் விழுந்து நான் பார்த்ததில்லை’ என்று தனக்குத் தானே ஒரு சான்றிதழும் கொடுத்துக்கொண்டார். இறக்கை விவகாரம் அத்தோடு முடிந்தது.

கவலை முடியவில்லை. காலையில் மைதானத்தில் நடக்க வருகிற நண்பர்கள் இருக்கிறார்களே! ஒருவர் போய்வந்தவர், இருவர் போகாதவர்கள். ஆலோசனை சொல்வதில் போகாதவர்களே மூத்தவர்கள். “சார், உட்கார்ந்தே இருந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அது நேரா நுரையீரலுக்குப் போயிடும். சாக்ஸ் வாங்கிடுங்க. சாதா சாக்ஸ் இல்ல, இறுக்கற சாக்ஸ்.”

நண்பர் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை அல்ல. நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. இரட்டிப்பான பிறகும் அது எவ்வளவு என்றால், ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர். விமானத்துக்கு மட்டுமே உரிய ஆபத்தும் இல்லை. பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ராத்திரி முழுக்க பஸ்ஸில் முழங்காலை முன் சீட்டில் முட்டுக்கொடுத்துக்கொண்டு எத்தனை தடவை போயிருப்பார்! அப்போது நுரையீரலைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை.

சாக்ஸ் வந்தது. கடையில் கணுக்காலையும் கெண்டைக்காலையும் டேப் வைத்து அளந்து கொடுத்தார்கள். தோல் நிறம், முழங்கால் வரை நீளம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். விரல் போனது, பாதம் போனது, குதிகாலில் நின்றுவிட்டது. “இங்க கொஞ்சம் வாயேன்.” மனைவி வந்து இழுத்தார். பவுடர் போட்டு இழுத்தார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டார், அவர் காலைப் பிடித்துக்கொண்டார். ஒரு கால் உள்ளே போவதற்குள் குக்கர் ஐந்து விசில் அடித்துவிட்டது. மனைவி நெற்றியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “அடுத்த கால்ல ரத்தம் கட்டினா கட்டட்டும். அடுப்புல சாம்பார் இருக்கு.”

இத்தனைக்கும் பிறகுதான் டாக்டரிடம் போக வேண்டும் என்று தோன்றியது. இந்த அப்பாக்களின் குணமே இதுதான். ஊரில் எல்லோரிடமும் கேட்டாகிவிடும். கேட்க வேண்டியவர் கடைசியில் வருவார். அவரிடமும் கேள்விதான் கேட்பார்களே தவிர விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் ‘போக வேண்டாம்’ என்றுவிடுவாரோ என்ற பயம்.

“பிளைட்ல போகலாமா டாக்டர்?”

“போகலாமே. வேற ஏதாவது தொந்தரவு உண்டா?”

“ஒண்ணும் இல்ல.”

“போன மாசம் பாத்ரூம்ல தலை சுத்துதுன்னு கதவைப் பிடிச்சிக்கிட்டு நின்னாரே” என்று மனைவி நடுவில் புகுந்தார். இவர் மனைவியைப் பார்த்த பார்வையில் அறையின் ஏ.சி. கொஞ்சம் குறைந்தது.

பார்க்கப்போனால் டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். விமானத்தில் நடக்கிற மருத்துவ அவசரங்களைப் பற்றி ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ 2013-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. ஐந்து விமான நிறுவனங்கள், மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைந்த காலம், 11,920 சம்பவங்கள். கணக்குப் பார்த்தால் 604 விமானப் பயணங்களுக்கு ஒன்று. அவற்றில் முதலிடம் மாரடைப்புக்கு இல்லை. மயக்கத்துக்கும் மயக்கம் வருகிற உணர்வுக்கும். 37 சதவீதம் அதுவே. ஏறக்குறைய பாதிச் சம்பவங்களில் பயணிகளிலேயே ஒரு டாக்டர் இருந்து உதவியிருக்கிறார். வழியில் வேறு ஊரில் விமானத்தை இறக்க நேர்ந்தது 7 சதவீதம்தான். நம்மவர் மாரடைப்புக்குத் தயாராகி, தலைசுற்றலை மறைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பி.பி. பார்த்தார். ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். காலில் நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சர்க்கரையால் ரத்த ஓட்டம் கொஞ்சம் மந்தமாக இருப்பதால் அந்த இறுக்கற சாக்ஸ் இவருக்கு வேண்டாம் என்றார். “ஓரத்து சீட்டா வாங்குங்க. அப்பப்ப எழுந்து நடங்க. உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டுங்க. தண்ணி நல்லாக் குடிங்க. அது போதும்.” சாம்பார் தீய்ந்த வரலாறு அவருக்குத் தெரியாது.

அடுத்தது மாத்திரை நேரம். மேற்கே பறக்கும்போது பகல் நீண்டுகொண்டே போகும். கோடைக்காலத்தில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும். அப்படியானால் காலை இன்சுலின் எந்தக் காலைக்கு? இவர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: கைக்கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, ஆறு மாதமும் இந்திய நேரப்படி ஊசி! டாக்டர் ஒரு தாளில் எந்த வேளைக்கு எவ்வளவு, சாப்பாடு தாமதமானால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்தார். மருந்துகளின் வேதிப்பெயரையும் எழுதினார். நம்மூர்க் கம்பெனிப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. அந்தத் தாளை லேமினேட் செய்ததோடு நிற்காமல் மூன்று பிரதி எடுத்ததும், ஒன்றை பூஜை அறையில் வைத்ததும் இவருடைய சொந்த ஏற்பாடு.

விலை உயர்ந்த பொருள் என்பதால் மருந்து முழுவதையும் நம்பர் பூட்டு போட்ட பெரிய பெட்டிக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டியும் விட்டார். புளியோதரைப் பொடியைக் கைப்பையில் வைத்திருந்தார். நேர்மாறாக இருக்க வேண்டும். சரக்கு அறையில் குளிரில் இன்சுலின் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் உதவாது. பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுவதும் உலக வழக்கம்தான். மகள் வீடியோ காலில் நின்று பெட்டியைத் திறக்க வைத்து, பொடியையும் மருந்தையும் இடம் மாற்ற வைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் உள்ளூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை. முப்பத்திரண்டு அடி உயரத்தில் நிற்கிற இவருக்கு ஆதிவியாதிஹர பக்த ஆஞ்சநேயர் என்று பெயர்; மனக்கவலை, உடல்நோய் இரண்டையுமே போக்குகிறவர். போதாக்குறைக்கு, கடலைப் பறந்து தாண்டிய அனுபவஸ்தர்.

விமான நிலையத்தில் ஒரு அவமானம் காத்திருந்தது. “ரெண்டு பேருக்கும் வீல்சேர் போட்டிருக்கேன்” என்று மகள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற மனிதர் நாற்காலியில் உட்காரக் கூசினார். துபாயில் அந்த நாற்காலி நீள நீளமான வரிசைகளைத் தாண்டிப் போனபோது கூச்சம் போய்விட்டது. சான் பிரான்சிஸ்கோவில் குடியேற்ற அதிகாரியைத் தாண்டியதும் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். இப்படி எழுந்து நடக்கிறவர்கள் விமானத்துக்கு விமானம் இருக்கிறார்கள். இவர்களுக்குத் தேவை வழி காட்டவும் மொழி சொல்லவும் ஒரு ஆள். கேட்டால் கிடைப்பதோ சக்கர நாற்காலி. அதனால் நிஜமாகவே கால் நடக்காதவர் ஒருவர் எங்கோ ஓரத்தில் காத்துக்கொண்டிருப்பார். சிரிப்புக்கு நடுவில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பதினாறு மணி நேரத்துக்கு வருவோம். மூச்சு முட்டவில்லை. முட்டாது. விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்து மலையில் இருப்பது மாதிரிதான். ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி. கல்யாணமான புதிதில் இதே ஜோடி ஊட்டியில் படகு ஓட்டிவிட்டு வந்திருக்கிறது. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வயிறுதான் வேலையைக் காட்டியது. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும். கடல் மட்டத்தில் இருந்ததைவிடக் கால் பங்குக்கும் மேல். ‘கேஸ்’ என்பது தன் பரம்பரைச் சொத்து என்று இதுவரை நினைத்திருந்தவர், முன் சீட்டுப் பையனின் சிப்ஸ் பாக்கெட் உப்பி நிற்பதைப் பார்த்து இது பொதுச் சொத்து என்று ஆறுதலடைந்தார்.

தண்ணீர் குடிக்கவில்லை. காரணம், கழிப்பறை. ஒரு தடவை போனார். பட்டனை அமுக்கியதும் எழுந்த ஓசையில் விமானத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்றே நினைத்துவிட்டார். அதோடு, குழாயும் இல்லை, குவளையும் இல்லை, காகிதம்தான். இனிமேல் அந்தப் பக்கம் போவதில்லை, அதற்குத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதே வழி என்று விரதம் பூண்டார். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் இருபது சதவீதத்துக்கும் கீழே. டாக்டர் எந்தத் தலைசுற்றலுக்குப் பயந்து மாத்திரையைக் குறைத்தாரோ, அதை இவர் சொந்த முயற்சியில் வரவழைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஒரு காலி பாட்டிலை நீட்டினார். “இதைத் தண்ணி ரொப்பி உள்ள கொண்டு போங்க. இப்ப இந்தத் தண்ணியக் குடிங்க.” பிரச்சினை தீர்ந்தது. பிறகு அவர் மூன்றாவது படத்தைப் போட்டுக்கொண்டார்.

இவர் படம் பார்க்கவில்லை, தூங்கவில்லை. பைலட் தூங்கிவிட்டால்? இவ்வளவு நீண்ட பயணத்தில் பொதுவாக நாலு பைலட்டுகள் இருப்பார்கள், முறை வைத்துப் படுக்க அவர்களுக்குத் தனிப் படுக்கையே உண்டு என்று யாரும் சொல்லவில்லை. எதிரில் இருந்த திரையில் வரைபடத்தைப் போட்டுக் காவல் காத்தார். வெளியே மைனஸ் ஐம்பதுக்கும் கீழே. அதைவிட மோசம், மேற்கே போக வேண்டிய விமானம் வடக்கே, துருவத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது! பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நாசூக்காக விசாரித்தார். உருண்டைப் பூமியில் அதுதான் குறுக்கு வழி என்று அந்தப் பெண் கையைக் குவித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

இறங்கும்போது காது அடைத்தது. எச்சில் விழுங்கினால், மிட்டாய் சப்பினால், கொட்டாவி விட்டால் திறந்துவிடும். இல்லையென்றால் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊத வேண்டும். 1723-இல் இறந்துபோன வால்சால்வா என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர் இந்த முறைக்கு. அவர் காலத்தில் விமானம் கிடையாது, காதுவலி உண்டு.

ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பியவர் இப்போது அதே மைதானத்தில் நடக்கிறார், ஆலோசனைப் பதவி உயர்வோடு. “துருவம் வழியாத்தான் போகும், பயப்படாதீங்க” என்பார். “பாட்டில் மறந்துடாதீங்க” என்பார். “இறக்கை ஒன்றரை மடங்கு தாங்கும், நம்ம இரும்புப் போஸ்ட் மாதிரி” என்பார். அவரைச் சுற்றி எப்போதும் நாலு பேர். உங்கள் வீட்டிலும் ஒருவர் பயணத்துக்குத் தயாராகிறார் என்றால் தாராளமாக அங்கே அனுப்பி வையுங்கள். பாட்டிலையும் இறக்கையையும் பற்றி அவர் சொல்வதை அப்படியே நம்பலாம். இன்சுலின் நேரத்தை மட்டும் அவரிடம் கேட்க விடாதீர்கள். டாக்டரிடம் போகும்போது தலைசுற்றலைச் சொல்ல ஓர் ஆளையும் கூட அனுப்புங்கள்.