டோக்கன்தாசர்

பம்பாய்த் தமிழர்களின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு வித்தை வாய்த்திருப்பது தெரியும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்கு வந்து சேர்ந்தவர்களும், பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் தட்டெழுத்தையும் சுருக்கெழுத்தையும் மூலதனமாகக் கொண்டு மாதுங்காவில் வந்திறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் செம்பூரில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிய கணக்கர்களும், தாங்கள் என்ன உத்தியோகம் பார்க்கிறோம் என்பதை ஊரிலிருக்கும் பாட்டிக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கிச் சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். அந்தச் சௌகரியம் அற்றுப்போன முதல் தலைமுறையின் பிரதிநிதியாக நம்மிடையே உலவுகிறவரே டோக்கன்தாசர்.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சிரமமன்று. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கிங்ஸ் சர்க்கிள் அருகே உடுப்பி ஹோட்டல் ஒன்றில் இடத்துக்காகக் காத்திருக்கும் கூட்டத்தின் நடுவே, முப்பது வயது நிரம்பாத ஒருவர், முதுகில் லேப்டாப் பையும் முகத்தில் தேசத்தின் கஜானாவையே கட்டிக் காக்கும் களைப்புமாக நின்றுகொண்டு, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவரிடம், “மாமா, நீங்க பேங்க்கை நம்பறேள், பேங்க் ரிசர்வ் பேங்க்கை நம்பறது, எங்க பிளாக்செயின்லே யாரும் யாரையும் நம்பவே வேண்டாம்” என்று உபதேசித்துக்கொண்டிருந்தால், ஐயமின்றி அவரே இவர். உபதேசம் முடிந்த கையோடு, “மாமா, ஒரு இருநூறு ரூபா இருக்குமா? சாயங்காலம் தந்துடறேன்” என்று அவர் கேட்பதும், மாமா நம்பிக் கொடுப்பதும் அந்த மதத்தின் நித்திய அனுஷ்டானங்களைச் சேர்ந்தவை.

அவருடைய தொழிலை விளக்க அந்த ஹோட்டலின் கூப்பனே போதும். சாப்பாட்டுக் கூப்பன்கள் ஒன்றுக்கொன்று சமம். என்னுடையதை உங்களிடம் கொடுத்து உங்களுடையதை நான் வாங்கிக்கொண்டாலும், இருவர் இலையிலும் அதே சாம்பார்தான் விழும். டோக்கன்தாசர் சிருஷ்டிப்பதோ ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாத டோக்கன், என்.எஃப்.டி. என்பது அதன் திருநாமம். 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முன்மொழியப்பட்ட ஈ.ஆர்.சி.-721 என்னும் விதிகளை அனுசரித்து, ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எனப்படும் நிரலைச் சாலிடிட்டி மொழியில் அவர் எழுதுகிறார். இன்ன எண்ணுள்ள டோக்கன் இன்ன முகவரிக்குச் சொந்தம் என்பதைக் குறித்து வைப்பதும், உடையவரின் ரகசியச் சாவி கொண்டு கையொப்பமிட்ட உத்தரவின்றி அந்தக் குறிப்பை மாற்ற மறுப்பதும் அந்த நிரலின் தர்மம். பிளாக்செயின் என்னும் இத்தனை பத்திரமான ஏட்டில் சித்திரமும் இருக்குமென்று எண்ணுவோர் ஏமாறுவர். சித்திரம் பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு கணினியில் கிடக்க, ஏட்டில் இருப்பது அதன் விலாசம் மாத்திரமே. காப்புரிமையும் தானாகக் கூட வருவதில்லை. “படத்தை யார் வேணும்னாலும் பார்க்கலாம்னா, காசு கொடுத்து வாங்கறவனுக்கு என்னடா மிச்சம்?” என்று மாமா கேட்டால், “வாங்கினது தான்தான்னு உலகத்துக்கே நிரூபிக்கலாமே, மாமா!” என்று அவர் பதில் சொல்லும்போது, கேட்டவர்தாம் வெட்கித் தலைகுனிய வேண்டியிருக்கும்.

அவருக்குப் பாராயணம் செய்ய ஒரு புராணமும் உண்டு. 2021 மார்ச் 11-ஆம் தேதி, கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில், பீப்பிள் என்னும் அமெரிக்க ஓவியர் நாளுக்கொன்றாகப் படைத்த 5,000 சித்திரங்களின் தொகுப்பை, ஈதர் என்னும் கிரிப்டோ நாணயத்தில் 42,329 கொடுத்து, அதாவது அன்றைய மதிப்பில் 6.93 கோடி டாலருக்கு, நம் கணக்கில் ஏறக்குறைய 500 கோடி ரூபாய்க்கு, ‘மெட்டாகோவன்’ என்னும் புனைபெயருடைய ஒருவர் எடுத்தார். அவர் சிங்கப்பூரில் வாழும் விக்னேஷ் சுந்தரேசன் என்னும் தமிழர் என்று தெரியவந்த நாள் முதலாக, அந்த 500 கோடியில் தமக்கும் தாயாதி பாத்தியதை உண்டென்பது போன்ற ஒரு மிடுக்கு டோக்கன்தாசரின் நடையில் ஏறிவிட்டது. ட்விட்டரைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஜாக் டோர்ஸியின் முதல் ட்வீட், அதே மாதம் என்.எஃப்.டி.யாக 29 லட்சம் டாலருக்கு விலைபோய், மறு ஆண்டு 4.8 கோடி டாலர் எதிர்பார்ப்புடன் சந்தைக்கு வந்தபோது, சில நூறு டாலருக்கு மேல் கேட்க ஆளில்லாமல் நின்றது என்னும் உத்தர காண்டத்தை மட்டும் அவர் பாராயணத்தில் சேர்ப்பதில்லை.

வங்கிகளின்மீது அவருக்குள்ள அவநம்பிக்கையை வெறும் கிறுக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2019 செப்டம்பரில், பஞ்சாப் அண்ட் மஹாராஷ்டிரா கோவாப்பரேட்டிவ் பேங்க்கின்மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, வாடிக்கையாளர் ஒருவர் தம் கணக்கிலிருந்து முதலில் 1,000 ரூபாய்க்குமேல் எடுக்கலாகாது என்று அறிவித்தபோது, இம்மாநகரில் எத்தனை குடும்பங்கள் வங்கி வாசலில் நின்று அழுதன என்பதைக் கண்டவர் அவர். ‘பிஎம்சி’ என்ற மூன்றெழுத்தை உச்சரித்தே அவர் எந்த விவாதத்தையும் முடித்துவிடுவது வழக்கம்.

அவர் வாழ்ந்த பொற்காலம் ஒன்றும் இருந்தது. இந்தியர்கள் தொடங்கிய பாலிகான் என்னும் பிளாக்செயினுக்கு, நிரல்களை ஒத்திகை பார்ப்பதற்கென்று ‘மும்பை’ என்ற பெயரிலேயே ஒரு சோதனை வலை இருந்தது. அங்கே கேட்டவர்க்கெல்லாம் காசு இலவசம். அந்தக் காசுக்கு மதிப்பில்லை என்பது ஒன்றே குறை. செம்பூர் ஃபிளாட்டின் பால்கனியில் கொடியில் காயும் துணிகளுக்கு அடியில் அமர்ந்து, அந்த மும்பையில் லட்சங்களை அள்ளி வீசி அவர் பிரபுவாக வாழ்ந்துவந்தார். 2024 ஏப்ரலில் அந்த வலை மூடப்பட்டு, அமோய் என்ற வேறொன்று அதன் ஸ்தானத்துக்கு வந்தபின், வாடகை கொடுக்க வேண்டிய மும்பை ஒன்றே அவருக்கு மிஞ்சியது.

அசல் பிளாக்செயினில் அவர் செய்த சிருஷ்டி, பாட்டி போட்ட கோலங்களின் வரிசை. ‘பாட்டி கோலம்’ என்று ஆங்கில எழுத்தில் அவர் இட்ட பெயரைக் கணினி தன் புத்தியால் திருத்தி, ‘பார்ட்டி கோலம்’ என்று ஆக்கிவிட்டது. ஏற்றிய நிரலை மாற்ற இயலாது என்பதே இத்துறையின் பெருமையாதலால், அந்தப் பிழையும் சாசுவதமாயிற்று. வரிசையின் முதல் கோலத்தை ஒருவர் வாங்கினார். வாங்கியவரிடமிருந்து இன்னொருவர் இரட்டிப்பு விலைக்கு வாங்கினார். அந்த இருவரின் முகவரிகளும் டோக்கன்தாசருடையவையே. இலாபம் என்ற ஒன்றை அவர் கண்டதில்லையாயினும், 2022-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், மதுரையில் பிறந்த நிதியமைச்சர் இத்தகைய சொத்துக்களின் இலாபத்தில் 30 சதவிகிதம் வரி என்றும், ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் இலாபத்தில் கழிக்கலாகாது என்றும் விதித்ததைப் பற்றி அவர் பேசும்போது, வரி கட்டிக் கட்டியே ஓட்டாண்டியான ஒரு கோடீசுவரனின் சோகம் அவர் தொண்டையை அடைக்கும்.

இவ்வளவு ஆஸ்திக்கும் சாவி பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். அவற்றைக் கணினியில் வைத்தால் களவு போகும் என்று அஞ்சி, தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதிப் பழைய வாரப் பத்திரிகை ஒன்றினுள் செருகி வைத்திருந்தார். போகிக்கு வீட்டை ஒழித்த அவருடைய தாயார், அந்தக் கட்டையும் சேர்த்து ரத்திக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட, உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் அழிக்க முடியாதபடி பொறிக்கப்பட்ட சம்பத்தின் சாவி, தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்குப் பழைய காகிதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் கிரிப்டோவினால் ரொக்கம் கண்டவர் இன்றுவரை அந்த அம்மாள் ஒருவரே.

துக்கம் விசாரிக்க வந்த மாமாவை டோக்கன்தாசர் அமைதியாகவே வரவேற்றார். “ஒண்ணும் போயிடலை, மாமா. எல்லாம் என் முகவரியிலேயேதான் இருக்கு. இனிமே ஒருத்தராலும் அதைத் தொட முடியாது.”

“உன்னாலே?”

“என்னாலேயும்தான். அவ்வளவு செக்யூரிட்டி!”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “பிஎம்சி பேங்க்கிலேகூட ஆயிரம் ரூபா எடுக்க விட்டாளேடா, அம்பி!”