வெயிலுக்கு ஜன்னல் வைத்தவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வெயில் ஆகாது. கடைவீதியில் நடந்தால் நிழல் விழுகிற பக்கம் பார்த்து ரோட்டைக் குறுக்கும் நெடுக்குமாகத் தாண்டிக்கொண்டே போவார். பஸ் ஏறுமுன், வண்டி எந்தத் திசையில் போகும், வெயில் எந்தப் பக்கம் அடிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் சீட் பிடிப்பார். அப்பேர்ப்பட்ட மச்சான், தன் பழைய அம்பாசடரின் கூரையை அறுத்துவிட்டு அங்கே வெளிச்சம் புகுகிற பிளாஸ்டிக் பலகை வைக்கப்போவதாக ஒருநாள் அறிவித்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் கடுகை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டாள், அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு போட்டோ. 1954-ல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி ஸ்கைலைனர் என்று ஒரு கார் விட்டது. முன்சீட்டுக்கு மேலே தகரம் கிடையாது. கால் அங்குல கனத்தில் பச்சை நிறம் ஏற்றிய அக்ரிலிக். உள்ளே உட்கார்ந்தவர்கள் முகமெல்லாம் பச்சை. சூடு தாங்காதவர்கள் அந்தக் கூரைக்கு அடியில் மாட்டிக்கொள்ளத் துணித் திரை ஒன்றும் இருந்தது. கூரையை எடுத்துவிட்டு மறுபடி கூரை போட்டுக்கொள்ள ஜனங்கள் காசு கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் கிரவுன் விக்டோரியா என்ற காருக்கும் இதே கூரை வந்தது. 1955-ல் 1,999 கார், 1956-ல் 603, அத்தோடு சரி. அதற்குள் ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் சொன்னேன். "அப்படின்னா எவ்வளவு ரேர் பீஸ் பாத்துக்கங்க மாப்ள" என்றார். எந்தப் புள்ளிவிவரத்தைக் கொடுத்தாலும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிற வித்தை அவருக்கு உண்டு.

பலகை வாங்கப் போன இடம் போர்டு எழுதுகிற கடை. அக்ரிலிக் அங்கேதான் கிடைக்கும். கடைப் பையன், "என்ன பேருங் போடோணும்?" என்று கேட்டான். பேர் வேண்டாம், வானம் தெரிந்தால் போதும் என்றார் மச்சான். பையன் முதலாளியைக் கூப்பிட்டான். பச்சை வேண்டாம் என்று அக்கா முன்கூட்டியே தடை போட்டிருந்ததால் கறுப்பும் சாம்பலுமான 'ஸ்மோக்' நிறத்தில் ஒரு ஷீட் வாங்கினோம்.

டிங்கர் மேஸ்திரிதான் நிஜமாகவே கலங்கிப்போனார். "ஏனுங், காலம்பூரா ஓட்டையை அடைக்கறதுதானுங் என்ற தொழில். நல்லா இருக்கற கூரையில என்னையே ஓட்டை போடச் சொல்றீங்களே" என்றார். அறுப்பதற்கு முன்னால் சாமிக்கு ஒரு சூடமும் கொளுத்தினார். ஆனால் வேலையில் ஆள் சுத்தம். கூரையை அறுத்தால் வண்டி பலம் இழக்கும் என்பதால், ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் சதுரக் குழாயில் ஒரு சட்டம் அடித்து வெல்டு வைத்தார்.

தகராறு பலகையில்தான். அக்ரிலிக் சூட்டில் இரும்பைவிட ஐந்தாறு மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீளப் பலகைக்கு 40 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வளரும். பக்கத்தில் இருக்கிற தகரம் அரை மில்லிமீட்டர்தான் நகரும். அதனால் போல்ட்டுக்கான துளை, போல்ட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நடுவில் ரப்பர் வாஷர், முறுக்கோ கொஞ்சமாகத்தான். ஆயுசு முழுக்க 'நல்லா டைட் வை' என்று பையன்களை அதட்டியே பழகிய மேஸ்திரிக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. கை தானாக இன்னொரு சுற்று போகும், மச்சான் அலறுவார். துளை போடுகிற பிட்டின் கூர் முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கினார்கள், இல்லாவிட்டால் அது பலகையைக் கவ்விச் சில்லு பெயர்க்கும். ஓரங்களையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இத்தனை பத்திரமாகச் செய்த பலகையில் ஸ்கெட்ச் பேனாக் கோடு ஒன்று பாக்கி இருந்தது. பெயின்ட் பட்டறைப் பையன் நல்லெண்ணத்தில் துணியில் தின்னர் நனைத்துத் துடைத்தான். கோடு போய்விட்டது. அது இருந்த இடத்தில், துளையைச் சுற்றி, மெல்லிசாக ஒரு வரி ஓடியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிலந்தி வலை மாதிரி வெடிப்பு பரவியது. பையன் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அந்தப் பலகை இப்போது மேஸ்திரியின் மேஜைமேல் இருக்கிறது; அடியில் முருகன் படமும் கரன்ட் பில்லும்.

அடுத்தது வளைவு. அம்பாசடர் கூரை நீளவாக்கிலும் வளையும், அகலவாக்கிலும் வளையும். தட்டைப் பலகை ஒரு பக்கம்தான் வளைந்து கொடுக்கும். அமெரிக்காவில் எட் ராத் என்கிற கார் கலைஞர் 1961-ல் பீட்னிக் பேண்டிட் என்று ஒரு கார் செய்தார். தலைக்கு மேலே முழுசாக ஒரு பிளாஸ்டிக் குமிழி. 1968-ல் வந்த முதல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் பதினாறில் அதுவும் ஒன்று. அந்தக் குமிழிக்கான பிளாஸ்டிக்கைப் பிட்சா அடுப்பில் வைத்து இளக்கியதாகச் சொல்வார்கள். மச்சான் இதைப் படித்த சாயங்காலமே தெருமுனை பேக்கரிக்குப் போய்விட்டார். "பிளாஸ்டிக் வாசம் ஏறிச்சுன்னா நாளைக்குத் தேங்காய் பன்னை யாருங் வாங்குவாங்க?" என்று பேக்கரிக்காரர் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் மேஸ்திரி சட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரே பக்கம் வளைகிற மாதிரி அமைத்து, சுற்றிலும் ரப்பர் பீடிங் ஓட்டி முடித்தார்.

"போர்டுக் கடை பிளாஸ்டிக்கை நம்பித் தலையைக் கொடுக்கறதா?" என்று மச்சானின் அப்பா கேட்டார். மச்சான் அதற்கும் தயாராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த இதே பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைப் பார்த்துத்தான் லண்டன் டாக்டர் ஹெரால்டு ரிட்லி 1949-ல் கண்புரைக்கு உள்விழி லென்ஸ் வைத்தார். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992-ல் ஆரோலேப் தொடங்கி, அந்த லென்ஸை மலிவாகச் செய்துகொடுத்தார்கள். "உங்க கண்ணுக்குள்ள இருக்கறதும் இதுதானுங்கப்பா." மாமா கூரையை அண்ணாந்து பார்த்தார். "டாக்டர் எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் குடுத்து, வெயில்ல போகாதீங்கன்னு சொன்னாருடா" என்றார்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் விதிப்படி முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். கறுப்பு ஃபிலிம் ஒட்டவே கூடாது என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கூரையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்பது மச்சானின் கட்சி. வண்டியை மாற்றி அமைப்பது பற்றி 1988-ஆம் வருஷச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டே என்றால், அது வேறு ஃபைல் என்பார். அந்த ஃபைலோடு இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

கறுப்புப் பலகை கண் கூச்சத்தைத்தான் தடுத்தது. சூட்டைத் தானே குடித்து மண்டையில் இறக்கியது. மத்தியானத்தில் வண்டியை எடுக்க அவருக்கே மனசு வரவில்லை. ஆனாலும் போன வாரம் பீளமேட்டிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு, வேண்டுமென்றே உச்சி வெயிலில் அவினாசி ரோட்டில் ஓட்டினார். 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் அந்த ரோட்டின் மேலே 10 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. நாங்கள் போனது அதன் அடியில். அண்ணாந்து பார்த்தேன். ஸ்மோக் நிறத்தில் கான்கிரீட் ஓடிக்கொண்டே இருந்தது, நடுநடுவே தூண்.

"பாத்தீங்களா மாப்ள," என்றார் மச்சான், ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே. "சூடே தெரியல."